பாண் ஓட்டோ கடக்கும் நேரம்

திருக்கடலூர் வளைவில் அதன் பாட்டுக் கேட்டதும்
பதினெட்டுப் பிரஷ்களும் வாய்க்குள் போகும்.
படகுகள் ஏற்றிக் கிடக்கும் தென்னையடியைத் தாண்டிப்
பாட்டு மறைந்தால் துப்பலாம்.
இரண்டு நிமிடம் என்று சொன்னால்
இவர்களுக்கு விளங்காது.
சுவர்க் கடிகாரமோ
சித்திரையிலேயே நின்றுபோயிற்று.
ஆகையால் முபாரிஸின் பாண் ஓட்டோதான்
எங்கள் முன்பள்ளியின் மணி.

தெரியும், சிரிக்காதீர்கள்.
அந்தக் கண்ணாடிப் பெட்டிக்குள் அடுக்கியிருப்பவை
சீனி அப்பிய கிம்புலா பணிஸ்கள்.
பல்லுக்குக் காவலாக
அவற்றைத்தான் வைத்திருக்கிறேன்.

வட்டம் வட்டமாக. மெதுவாக.
சட்டி தேய்ப்பதுபோல் இல்லை, அக்சரன்,
பூனைக்குட்டியைத் தடவுவதுபோல்.
கடைவாய்க்கும் போ,
காலையில் தின்ற பாண் அங்கேதான் ஒளித்திருக்கிறது.
பசை ஒரு பயறளவு.
பயறு என்றால் பயறு, சஹ்லா,
பயற்றங்காய் இல்லை.
விழுங்காதே. விழுங்காதே.
விழுங்கிவிட்டான்.
ஸ்ட்ரோபெரி வாசத்தில் பசை செய்தவனை
ஒருநாள் இந்தக் குழாயடிக்குக் கூட்டிவந்து
இவர்கள் நடுவில் விட்டுவிட்டுப் போகவேண்டும்.

கேதுஷா மட்டும்
வேலிக் கிடுகைப் பார்த்தபடி தீட்டுவாள்.
நாலரை வயது.
மேல்வரிசை முன்பற்கள் நாலும்
எரிந்த தீக்குச்சி முனைகள்.
இரவு முழுக்க வாயில் கிடந்த பால் போத்தல்.
மீன்வாடியில் இரவு வேலைக்குப் போன தாய்,
அழாமல் கிடக்கட்டும் என்று
சீனியும் போட்டுக் கரைத்தவள்,
அதை எனக்குச் சொன்னபோது
தன் வாயைக் கையால் பொத்திக்கொண்டாள்.
"விழுந்து முளைக்கிற பல்லுத்தானே" என்றேன்.
பாதிதான் உண்மை.
பல் கிளினிக் நடக்கும் நாளை
அவள் உள்ளங்கையில் பேனையால் எழுதிவிட்டேன்,
மீன் கழுவினால் அழிந்துவிடும் என்று
பிறகுதான் நினைத்தேன்.

நேற்று வளைவில் பாட்டுத் தொடங்கியது.
பிரஷ்கள் வாய்க்குள் போயின.
ஓட்டோ அங்கேயே நின்றுவிட்டது.
பாட்டு நிற்கவில்லை.
ஒரு தரம், இரண்டு தரம், ஐந்து தரம்
அதே மெட்டுச் சுற்றிச் சுற்றி வந்தது.
நுரை நாடியில் வழிந்து, சட்டையில் வழிந்து
செருப்பில் சொட்டியது.
"காணும் பிள்ளையள், துப்புங்கோ."
ஒருவரும் துப்பவில்லை.
"பாட்டு முடியேல்ல ரீச்சர்"
என்று நுரைக்குள்ளால் யாரோ சொன்னது
பாதி மணலில் விழுந்தது.
நான் போட்ட சட்டம்.
நானே வாயடைத்து நின்றேன்.

கடைசியில் முபாரிஸ் தள்ளிக்கொண்டு வந்தான்,
சாரத்தை மடித்துக் கட்டி,
வியர்வை மூக்கு நுனியில் தொங்க.
பின்னால் ஒரு மான்,
கோட்டைப் பக்கமிருந்து பணிஸ் வாசத்துக்கு வருவது.
படலைக்கு முன்னால் இளைப்பாற நின்றவன்
உடைந்த பணிஸ் துண்டொன்றை நீட்டினான்.
மான் உதட்டை உயர்த்தியது.

வேலியடியில் நின்றவள்தான் முதலில் கண்டாள்.
கையைப் பொத்த மறந்து,
வாய் நிறைய நுரையோடு திரும்பி,
"ரீச்சர், அதுக்கும் மேல முன்பல்லு இல்ல!"

பதினேழு பேரும் கிடுகோடு ஒட்டிக்கொண்டார்கள்.
உண்மைதான். மேலே வெறும் முரசு.
ஆறு வருடம் இந்த மான்களுக்கு நடுவே நடக்கிறேன்,
ஒன்றின் வாயையும் பார்த்ததில்லை.

பாட்டு ஒருவழியாகத் தென்னையடியைத் தாண்டியது.
எல்லோரும் துப்பினார்கள், என் காலிலும் கொஞ்சம்.
கேதுஷா துப்பவில்லை.
மான் போன திசையையே பார்த்து நின்றாள்.
கன்னத்துக்குள் நுரையை ஒதுக்கிக்கொண்டு
மெல்லக் கேட்டாள்:
"அதுவும் போத்தல்ல பால் குடிச்சதோ?"